துண்டு வீணாகாமல் வெட்ட நிரல் எழுதுவது எப்படி? கேள்வி-பதில்

பரந்தனில் கேற் செய்யும் வேலைத்தளம் நடத்தும் வாசகர்: 6 மீற்றர் பொக்ஸ் பாரில் 1200 மி.மீ. துண்டுகள் 5 வரும் என்று என் எக்ஸெல் தாள் கணக்குக் காட்டுகிறது. வெட்டும்போது கடைசித் துண்டு மட்டும் குறைந்துவிடுகிறதே, ஏன்?

வெட்டும் தட்டு தின்னும் இரும்பு உங்கள் கணக்கில் சேரவில்லை. ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. போனால், நான்கு வெட்டுகளுக்கு 12 மி.மீ. போகிறது, ஆகவே ஐந்தாவது துண்டு 1188 மி.மீ.தான் நிற்கும். நிரலில் இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. ஒவ்வொரு துண்டின் நீளத்தோடும் 3ஐக் கூட்டுங்கள். பாரின் நீளத்தோடும் ஒருமுறை 3ஐக் கூட்டுங்கள், ஏனென்றால் பாரை முழுதாகப் பயன்படுத்தும்போது கடைசித் துண்டுக்குத் தனி வெட்டுத் தேவையில்லை. இப்போது 1203ஐ ஐந்தால் பெருக்கினால் 6015; கையில் இருப்பதோ 6003. துண்டுகள் நான்குதான் என்று தாளே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சில் 20 அடியையும் 6 மீற்றரையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆனால் 20 அடி என்பது 6096 மி.மீ. வந்திறங்கிய பாரை அளந்த பிறகே நீளத்தைத் தாளில் பதியுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவி: நீளமான துண்டுகளை முதலில் எடுத்து, அவை பொருந்தும் முதல் பாரில் வைத்துக்கொண்டே போகும்படி பைதன் நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். இது போதுமா?

தொடக்கத்துக்கு நல்ல முறை. மிகச் சிறந்த விடைக்கு வேண்டிய பார்களின் 11/9 மடங்கோடு 6/9ஐக் கூட்டினால் வரும் எண்ணிக்கையை அது ஒருபோதும் தாண்டாது என்பது நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து இரும்பு வாங்குபவருக்கு அந்த இடைவெளி பெரியது. 6000 மி.மீ. பாரில் 2390 மி.மீ. துண்டுகள் 40உம் 1800 மி.மீ. துண்டுகள் 80உம் வேண்டும் என்று வையுங்கள். உங்கள் நிரல் நீளமானவற்றை இரண்டிரண்டாக 20 பார்களில் அடுக்கும். அவற்றில் மிஞ்சும் இடத்தில் 1800 பொருந்தாது. பிறகு 1800ஐ மும்மூன்றாக வைக்க 27 பார்கள் வேண்டும்; மொத்தம் 47. ஒரு பாரில் ஒரு 2390உம் இரண்டு 1800உம் வெட்டினால், இரண்டு வெட்டுகளோடு 5996 மி.மீ. ஆகிறது, 40 பார்களே போதும். இதைவிடக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் தட்டுக்குப் போவதையும் சேர்த்த மொத்த நீளம் 239960. அதை 6003ஆல் வகுத்தால் 39.97 வருகிறது. இந்தக் கீழெல்லையை நிரல் ஒவ்வொரு முறையும் அச்சிடட்டும். தேடலை எங்கே நிறுத்தலாம் என்பது அதில் தெரியும்.

துண்டு துண்டாக யோசிக்காமல், ஒரு முழுப் பாரை எப்படிப் பிரிப்பது என்ற வெட்டுமுறைகளாக யோசிப்பதுதான் இந்தத் துறையின் திறவுகோல். லெனின்கிராட்டில் சோவியத் கணிதவியலாளர் கன்டரோவிச் 1939இலேயே மூலப்பொருளை வெட்டும் கணக்கை நேரியல் திட்டமிடலாக, அதாவது நேர்கோட்டு நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்காக, எழுதினார். வளங்களைப் பங்கிடும் கோட்பாட்டுக்காக 1975இல் பொருளியல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அளவுகள் கூடும்போது வெட்டுமுறைகள் இலட்சக்கணக்கில் பெருகிவிடும். அவற்றை முழுவதும் எழுதாமலே கணக்கிடும் வழியைக் கணிதவியலாளர்கள் கில்மோரும் கொமரியும் 1961இல் தந்தார்கள்.

அவர்களின் வழி இப்படிப் போகும். முதலில் எளிய முறைகள் இரண்டே இருக்கின்றன: 2390 இரண்டு, அல்லது 1800 மூன்று. அப்போது 2390இன் விலை அரைப் பார், 1800இன் விலை பாரில் மூன்றிலொன்று. இந்த விலையில் மிகுந்த மதிப்புள்ள வெட்டுமுறையைத் தேடினால், ஒரு 2390உம் இரண்டு 1800உம் சேர்ந்து 7/6 பார் மதிப்பைத் தருகின்றன. ஒரு பாரின் விலையை அது மிஞ்சுவதால் பட்டியலில் சேர்க்கிறோம். விலைகளைத் திரும்பக் கணித்து, ஒன்றை மிஞ்சும் முறை கிடைக்காமல் போகும் வரைக்கும் தொடர்கிறோம். முடிவில் வரும் பின்னங்களை முழு எண்களாக்கும் வேலை மீதமிருக்கும். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர். டூல்ஸ் (OR-Tools) என்ற கூகிள் மென்பொருள் உதவும்.

மாங்குளம் வாசகர்: நிரல் எழுதத் தெரியாது. எக்ஸெல் போதுமா?

நான்கைந்து அளவுகளுக்கு மேல் போகாவிட்டால் போதும். வெட்டுமுறைகளை நெடுவரிசைகளாக எழுதி, எக்ஸெலில் விடை தேடும் 'சொல்வர்' (Solver) வசதியில் முழு எண் நிபந்தனையை இடுங்கள். அது 200 மாறிகள், அதாவது 200 வெட்டுமுறைகள், வரையே ஏற்கும்.

புதுக்குடியிருப்பில் தச்சு வேலை செய்யும் வாசகர்: இலவச மென்பொருள் ஒன்று பிளைவூட்டுக்குப் போட்டுத் தந்த வரைபடத்தை என் வாளால் வெட்டவே முடியவில்லை.

மேசை வாள் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை அறுக்கும். பலகையின் நடுவில் நிறுத்தித் திரும்பாது. விளிம்புக்கு விளிம்பு வெட்டு மட்டுமே அனுமதி என்ற நிபந்தனையை மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். அடுத்தது மரவரி. 2440க்கு 1220 மி.மீ. பலகையில் 1200க்கு 450 அளவுள்ள அலமாரிக் கதவுகளை வரியோடு வெட்டினால் 4, குறுக்காகத் திருப்பினால் 5 கிடைக்கும். அந்த ஐந்தாவது கதவுக்கு ஆசைப்பட்டுத் திருப்பிவிட்டால் எல்லாக் கதவுகளிலும் வரி படுத்திருக்கும். நான் திருப்பமாட்டேன். வரியோடு வெட்டும்போது பக்கத்தில் ஏறக்குறைய 314 மி.மீ. அகலத்துக்கு முழுநீளப் பட்டி மிஞ்சும். உள்தட்டுக்கு அது போதும்.

வவுனியாவில் அலுமினிய யன்னல் செய்பவர்: மூலையில் குவியும் மிச்சத் துண்டுகளை நிரலில் எப்படிச் சேர்ப்பது?

அவற்றையும் வெவ்வேறு நீளமுள்ள பார்களாகவே பட்டியலிட்டு, முதலில் அவற்றைப் பயன்படுத்தும்படி குறைந்த விலை போடுங்கள். நீங்கள் வழக்கமாக வெட்டும் மிகச் சிறிய அளவுக்குக் கீழானதைப் பட்டியலில் வைக்க வேண்டாம். இரண்டு திட்டங்கள் ஒரே எண்ணிக்கையில் பார்களைக் கேட்டால், மிச்சத்தை ஒரே நீளமான துண்டாக விடுவதைத் தேர்ந்தெடுங்கள்: பத்துப் பார்களில் பத்து 200 மி.மீ. துண்டுகள் குப்பைக்குப் போகும், ஒரு 2000 மி.மீ. துண்டு அடுத்த யன்னலுக்கு உதவும். நீளத்தை வெட்டியவுடனேயே மார்க்கரால் துண்டின் மேலேயே எழுதி வைக்க வேண்டும்.

முல்லைத்தீவு வாசகர்: பாலை, முதிரைப் பலகைகளுக்கு இது சரிவருமா?

நேரடியாகச் சரிவராது. கணுவும் வெடிப்பும் வெள்ளையும் (மரத்தின் வெளிப்புற வெளிர்பகுதி) எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பழுதில்லாத பகுதிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அவற்றின் நீளங்களை மட்டும் நிரலுக்குக் கொடுங்கள்.