ஈரப் புல்லுக்குப் புது மெஷின் வாங்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம். போன வருடம் லண்டன் ஹாரோவில் வீடு வாங்கினோம். பின்பக்கம் ஓரளவு பெரிய புல்தரை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன, ஒயர் போட்டு ஓட்டும் எலக்ட்ரிக் புல்வெட்டும் மெஷின்தான் இருக்கிறது. கோடையில் நன்றாகத்தான் வெட்டியது. அக்டோபர் வந்ததிலிருந்து மழை விடவே இல்லை, புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது, தள்ளினால் நாலு அடிக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் மெஷின் வாங்கச் சொல்கிறார், கணவர் பேட்டரி மெஷின் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அவசரமான ஒன்று: ஒயர் மெஷினை ஈரப் புல்லில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பெரும்பாலான மேனுவல்களில் முதல் பக்கங்களிலேயே இதைப் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஈரமான தரையில், எக்ஸ்டென்ஷன் ஒயர் பிளேடில் சிக்கி அறுந்தால் விளையாட்டில்லை. காய்ந்த நாளில் ஓட்டும்போதும் 30 மில்லியாம்ப் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) வழியாகத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். வீட்டு ஃபியூஸ் பெட்டியில் அது இல்லை என்றால் பிளக்கோடு செருகும் ஆர்சிடி அடாப்டர் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

சரி, ஏன் அடைக்கிறது? பிளேடு வெட்டுவதோடு நிற்பதில்லை, ஃபேன் மாதிரி காற்றையும் கிளப்புகிறது. அந்தக் காற்றுதான் படுத்திருக்கும் புல்லை நிமிர்த்துகிறது, வெட்டியதைப் பின்னால் கூடைக்குள் தள்ளுகிறது. நனைந்த புல் கனமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதால் காற்றுக்கு அது எழும்புவதில்லை, கூடைக்குப் போகும் வாயிலேயே கட்டிக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பாகம் முழுக்கப் பச்சையாக ஒரு விழுது அப்பியிருக்கும், ஓரங்களில் போன கோடைகாலத்தின் காய்ந்த அடுக்கும் கல்லாக இறுகியிருக்கும். அந்தக் கனத்தில் காற்று சுழல இடமே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, பழைய மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர் அடிக்காதீர்கள். அப்படியே பிளேடின் விளிம்பைப் பாருங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், வெட்டிய இரண்டொரு நாளில் புல்லின் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தால் அதுதான் காரணம். இந்த ஒரு மணி நேர வேலையிலேயே உங்கள் புது மெஷின் செலவு மிச்சமாக நிறைய வாய்ப்பிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. பெட்ரோல் மெஷினுக்குச் சக்தி அதிகம், சட்டென்று நின்றுபோகாது. ஆனால் கூடைக்குப் போகும் வாய் அதற்கும் அடைக்கத்தான் செய்யும். கனமும் அதிகம். லண்டனில் பல இடங்களில் அடியில் இருப்பது களிமண், மழையில் ஊறிய களிமண்ணில் கனமான மெஷினை ஏற்றினால் சக்கரத்தடம் பள்ளமாக விழும், மண் இறுகும், தண்ணீர் தேங்கும், வசந்தத்தில் பார்த்தால் புல்லுக்குப் பதில் பாசி. அப்புறம் எரிபொருள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டேங்கில் விட்டுவைத்தால் ஏப்ரலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

பேட்டரி மெஷினில் ஒயர் தொல்லை இல்லை, உங்கள் அளவு தோட்டத்துக்கு நான் சொல்வதும் அதைத்தான், ஆனால் மார்ச்சில் வாங்குங்கள். அதையும் கொட்டும் மழையில் ஓட்டச் செய்து வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஈரப் புல்லில் மோட்டார் திணறுவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பெட்டியில் போட்டிருக்கும் சதுர மீட்டர் கணக்கெல்லாம் காய்ந்த, குட்டையான புல்லுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை புல்லை என்ன செய்வது? இரண்டு நாள் மழை விட்டால் மதியம் ஒரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிய பிறகு நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். நீளமான மூங்கில் கழியைப் புல்மேல் படுக்கவைத்து வீசிக்கொண்டே நடந்தால் நுனியில் நிற்கும் நீர் உதிர்ந்துவிடும், அரை மணி கழித்துப் புல் காய்ந்திருந்தால் வெட்டலாம். உயரத்தை மேலே ஏற்றுங்கள், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், கூடை பாதி நிறைந்ததும் கொட்டுங்கள். நடக்கும்போது காலடியில் தண்ணீர் கசிந்தால் அன்றைக்கு வேண்டாம். மண்ணின் சூடு ஐந்தாறு டிகிரிக்குக் கீழே போனால் புல் வளர்வதே ஏறக்குறைய நின்றுவிடும், ஒரு வெட்டு தவறினால் குடி முழுகிப்போகாது.

கேள்வி: நவம்பர் ஆஃபரில் நல்ல தள்ளுபடி என்று பேட்டரி மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். புல் ஈரமாக இருப்பதால் பெட்டியைப் பிரிக்காமல் ஷெட்டில் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் எடுத்தால் போதும்தானே? (லெஸ்டர் வாசகர்)

பதில்: போதாது. இன்றைக்கே பிரியுங்கள். சீசன் முடிந்த தள்ளுபடியில் இருக்கும் சிக்கலே இதுதான், பொருள் தூங்கினாலும் உங்கள் உரிமைக்கான நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆன்லைனில் வாங்கியதை, காரணமே சொல்லாமல், வேண்டாம் என்று சொல்ல 14 நாள், அது பொருள் கைக்கு வந்ததிலிருந்து. பழுதான பொருளை அப்படியே திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் தருவது 30 நாள். அதற்குப் பிறகு, பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். அதுவும் சரிவராவிட்டால்தான் மறுபடி பணத்தைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடை. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் வேலை உங்களுடையது. நவம்பரில் வாங்கி ஏப்ரலில் பிரித்தால் இந்த ஆறு மாதமும் ஏறக்குறையக் கரைந்திருக்கும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பேட்டரியை சார்ஜில் போட்டு, மாட்டி, பிளேடு சுற்றுகிறதா, சத்தம் ஏதும் வருகிறதா, உயரம் மாற்றும் நெம்புகோல் வேலை செய்கிறதா, கூடை சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். கடையில் பார்ப்பது போலப் பார்க்கலாம். ஆனால் திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் புல்லை வெட்டிவிடாதீர்கள், பழுதில்லாத பொருளைப் பயன்படுத்திவிட்டு 14 நாளுக்குள் ரத்து செய்தால் பணத்தில் பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நிறுவனத்தின் வாரன்டிக்கு ஆன்லைனில் பதிய வேண்டியிருந்தால் அதையும் இன்றே முடியுங்கள். பேட்டரியை ஷெட்டில் விடாமல் வீட்டுக்குள், பாதி சார்ஜோடு வையுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை என்றால், கடை கைவிரித்தாலும் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம்.

கேள்வி: கிராய்டனில் வாடகை வீடு, நவம்பர் கடைசியில் காலி செய்கிறோம். புல் வெட்டவில்லை என்றால் டெபாசிட்டில் பிடிப்போம் என்கிறார் ஏஜென்ட். இந்த மழையில் எப்படி வெட்டுவது?

பதில்: ஒப்பந்தத்தில் தோட்டப் பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அடுத்து, குடிவந்தபோது எடுத்த இன்வென்டரியில் (வீட்டின் நிலையைக் குறித்த பட்டியல்) புல் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். அப்போதே புதராக இருந்ததை இப்போது மைதானமாகக் கேட்க முடியாது. பிடித்தம் நியாயம் என்று காட்ட வேண்டியது வீட்டுக்காரர் தரப்புதான். காய்ந்த நாள் ஒன்று கிடைத்தால் மேலோட்டமாக ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள், உள்ளூர்த் தோட்டக்காரரிடம் விலை கேட்பதும் நல்லது, ஏஜென்ட் போடும் பில்லைவிடக் குறைவாகவே முடியலாம். நாளே கிடைக்கவில்லையா, தண்ணீர் தேங்கிய தரையைத் தேதி தெரிய ஃபோட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் பேசினால் மட்டும் போதாது. அப்படியும் பிடித்தால், டெபாசிட்டைப் பாதுகாக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற திட்டத்திடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பணம் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்ற தாளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள், பணம் கட்டிய 30 நாளுக்குள் அந்த விவரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.