நேம் சர்வரை மாற்றியதும் தளமும் மெயிலும் சிலருக்கு மட்டும் வருகிறது. அவசரமாக என்ன செய்வது?

கடலூர் அலுவலகத்தில் தளம் திறக்கிறது, சென்னை வாடிக்கையாளருக்குத் திறக்கவில்லை, சில மெயில்கள் திரும்பிப் போகின்றன, நேற்றுதான் டாட் காம் டொமைனின் நேம் சர்வரை மாற்றினோம் என்று கேட்டிருக்கிறீர்கள். (நேம் சர்வர் என்பது ஒரு டொமைனின் தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று கேட்பவருக்குச் சொல்லும் சர்வர்.) புதுச்சேரியில் தங்கும் விடுதிகளுக்கு இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். வார இறுதி புக்கிங் நேரத்தில் வரும் அழைப்புகளில் பலவும் இதே வகை.

மெயிலில் இருந்து தொடங்குங்கள். தளம் ஒரு மணி நேரம் வராவிட்டால் வாடிக்கையாளர் மறுபடி வந்து பார்ப்பார், திரும்பிப் போன ஆர்டர் மெயில் அப்படித் தானாக வராது. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு புதிய நேம் சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால் அனுப்பும் சர்வர், மெயிலை உங்கள் வெப் சர்வருக்கே கொண்டுபோகும், அது வாங்க மறுக்கும். நேம் சர்வர் பதிலே தராமல் கிடந்தால்கூட இவ்வளவு சேதம் இல்லை. அனுப்புபவரின் சர்வர் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவாகச் சில நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

அடுத்து, பழைய நேம் சர்வரை அணைத்துவிட்டீர்களா? பணம் கட்டியாவது இன்றே திறக்கச் சொல்லுங்கள். ஒரு டாட் காம் பெயருக்கு எந்த நேம் சர்வரிடம் கேட்க வேண்டும் என்ற தகவலை 48 மணி நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் மேல்மட்ட சர்வர்கள் கொடுக்கின்றன. அதுவரை பலர் பழைய இடத்தில்தான் போய்க் கேட்பார்கள். பழைய சர்வரிலும் புதிய பதிவுகளையே போட்டு வையுங்கள்.

இனி, ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராத சிக்கல். டொமைன் பதிவுகளைக் கேட்டுப் பார்க்க உதவும் 'டிக்' கட்டளையால், எல்லோருக்கும் டொமைன் முகவரியைத் தேடித் தரும் கூகுளின் 8.8.8.8 சர்வரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தர முடியவில்லை என்று பொருள்படும் 'சர்வ்ஃபெயில்' வந்து, அதே கேள்வியை, கையொப்பத்தைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் 'சிடி' விருப்பத்தோடு கேட்டால் சரியான பதில் வருகிறதா? அப்படியானால் டிஎன்எஸ்செக் (பதிவுகள் போலியல்ல என்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறை) கோளாறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பழைய இடத்தில் கையொப்பமிட்ட டொமைனை, கையொப்பம் இல்லாத புதிய இடத்துக்கு மாற்றி, டொமைனைப் பதிவுசெய்து தந்த ரிஜிஸ்ட்ராரிடம், பழைய கையொப்பத்தைச் சுட்டும் டிஎஸ் பதிவை அப்படியே விட்டிருப்பீர்கள். கையொப்பத்தைச் சோதிக்கும் சர்வர்கள் பதிலை நிராகரிக்கும், சோதிக்காதவை கொடுத்துவிடும். டிஎஸ் பதிவை நீக்கச் சொல்லுங்கள். டாட் காமில் அதற்கும் ஒரு நாள் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அலுவலக அரட்டைச் செயலி நடத்தும் ஸ்லாக் நிறுவனம் இந்த ஒரு நாளில்தான் மாட்டிக்கொண்டது. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் பழைய நினைவை அழிக்கப் பொதுப் பக்கம் வைத்திருக்கின்றன, அவற்றில் உங்கள் டொமைனைக் கொடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் காத்திருக்கத்தான் வேண்டும். பதற்றத்தில் நேம் சர்வரை மறுபடி மறுபடி மாற்றாதீர்கள், ஒவ்வொரு மாற்றமும் எங்கோ ஒரு சர்வரில் மணிக்கணக்கில் தங்கிவிடும்.

கோளாறு டிஎன்எஸ்செக்கில் இல்லை என்றால், உங்கள் இரண்டு நேம் சர்வர்களிடமும் தனித்தனியாக எஸ்ஓஏ பதிவைக் கேட்டு, அதில் பதிவுகளின் பதிப்பைக் காட்டும் வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். முதல் சர்வரில் திருத்திவிட்டு எண்ணை ஏற்றாவிட்டால் இரண்டாவது பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்புறம், நேம் சர்வரின் பதிவுக் கோப்பில் முழுப் பெயர்களின் முடிவில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 2009 அக்டோபர் 12 அன்று அந்தப் புள்ளி விடுபட்டதால் ஸ்வீடனின் 'எஸ்இ' டொமைன்கள் மொத்தமும் முடங்கின.

எல்லாம் சரியான பிறகு ஒன்று பாருங்கள், நேம் சர்வர்கள் இரண்டும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றனவா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்சாரம் எத்தனை நாள் இல்லாமல் போனது என்பதை அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று உங்கள் அலுவலகத்தில் இருந்தால் மற்றொன்றை வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் வையுங்கள்.