கல்லைப் புரட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நொய்யலில் கலந்த சாயக்கழிவு நீர்வாழ் உயிர்களை என்ன செய்கிறது என்பதைக் கணினி மாதிரியில் கொண்டுவருவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எந்த உயிர் எவ்வளவு தாங்கும் என்ற ஆய்வக எண்களைத் திரட்டி, வளைகோடாக வரைந்து, 95 சதவீத இனங்களுக்குப் பாதுகாப்பான அளவைக் கணக்கிட்டேன். ஆற்றில் இப்போது மீன் இருக்கிறது. மாதிரியும் அதையே சொல்கிறது. இதைவிட நல்ல மென்பொருள் உண்டா? நண்பர்கள் ஐடி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போய்விடலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

அக்வாடாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. எது எதைத் தின்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கும். வேலை விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

‘மீன் இருக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. என்ன மீன்? ஜிலேபிக் கெண்டை என்றால் அது உப்பையும் தாங்கும், பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் கிடக்கும். அதை வைத்து ஆற்றுக்கு நற்சான்று தருவீர்களா?

என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் நொய்யல் கரையில். சின்ன வயதில் ஆற்றில் இறங்கினால், “தண்ணியப் பாக்காத சாமி, கல்லப் பொரட்டு” என்பார். புரட்டினால் அடியில் நத்தை முட்டை பசைபோல ஒட்டியிருக்கும். முடிபோல மூன்று வாலுள்ள தட்டைப் பூச்சிக்குஞ்சு நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். பிறகு சாயம் வந்தது. பருத்தியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். நிறத்தை நீக்கிவிடலாம், உப்பு மக்காது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கி, அதைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே அப்பிச்சி வீட்டில் உப்பேறிய தண்ணீரில் பருப்பு வேகவில்லை. கடைசியாக அவரோடு இறங்கியபோது நான் புரட்டிய கல்லின் அடி கழுவித் துடைத்ததுபோல மொழுக்கென்று இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கல்லை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

உங்கள் வளைகோட்டில் அந்தப் பூச்சி ஒரு புள்ளி, மீன் ஒரு புள்ளி. ஒன்று மற்றொன்றின் சாப்பாடு என்பது எங்கே இருக்கிறது? கனடாவின் ஒன்டாரியோவில் கேரன் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001 முதல் மூன்று கோடைகள் ஒரு முழு ஏரியிலேயே கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். மீன் செத்து மிதக்கவில்லை. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனின் ஆண்களிடம் முட்டைக்கரு புரதம் ஊறியது. குஞ்சு பொரிப்பது நின்று, அந்த இனமே ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய டிரவுட் மீனும் இரையில்லாமல் குறைந்தது. 96 மணி நேரத்தில் பாதி மீன் சாகும் அளவு எது என்று கண்ணாடித் தொட்டியில் பார்ப்பவருக்கு இதில் எது தெரிந்திருக்கும்? ஹார்மோனை நிறுத்திய சில ஆண்டுகளில் சிறுமீன் திரும்பியது. அதனால்தான் உங்களை இவ்வளவு திட்டுகிறேன். நொய்யலிலும் எது திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும் அம்மா. உங்கள் கடிதத்தில் கணக்கு சுத்தமாக இருக்கிறது, உழைப்பு தெரிகிறது. ஆற்றில் கால் நனைத்ததாக மட்டும் ஒரு வரிகூட இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள். வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று போதும். சாயப்பட்டறைகளுக்கு மேலே பத்துக் கற்களையும் கீழே பத்துக் கற்களையும் புரட்டுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டில் தேய்த்துக் கழுவி, நெளிவதை எண்ணுங்கள். ஒன்றுமே நெளியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.