திருமணம் முடியட்டும் என்று மார்பகக் கட்டியை விட்டுவைக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊசி குத்திப் பார்த்து, வெறும் நார்க்கட்டி என்றார்கள். கடந்த நான்கு மாதங்களில் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது, வலி இல்லை. தை மாதம் திருமணம். அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: தை வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். இந்த வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்ற நார்க்கட்டிகளே என்றாலும், இவ்வளவு வேகமாக வளர்வது, தொட்டால் நார்க்கட்டி போலவே இருக்கும் ‘ஃபில்லோடஸ்’ என்ற அரிய கட்டியாக இருக்கக்கூடும். மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படும் இதிலும் பெரும்பகுதி புற்றுநோய் அல்ல. ஆனால் கட்டி பெரிதாகப் பெரிதாக, எடுத்த பின் மார்பில் மிஞ்சும் சதை குறையும். பழைய ஊசிச் சோதனையை நம்பியிருக்காதீர்கள். சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் ‘கோர் பயாப்சி’ வேண்டும்.

‘சின்ன வெட்டு, மாலையே வீட்டுக்குப் போகலாம்’ என்று ஏதோ ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போகும் கமிஷன் ஆட்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ஃபில்லோடஸைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் சிறிது சேர்த்து எடுக்காமல் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், அதே இடத்தில் மீண்டும் வரக்கூடும். எடுத்த கட்டியை வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ‘வேண்டுமானால் லேபில் கொடுங்கள்’ என்று உறவினர் கையில் திணிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாத சதை கெட்டுவிடும். பிறகு அது என்ன கட்டி என்று எவராலும் சொல்ல இயலாது. மூன்றாம் முறையாக அதே இடத்தில் கட்டியோடு என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம், முதல் இரண்டு கட்டிகளுக்கும் ஒரு காகிதம்கூட இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். நார்க்கட்டி என்று நினைத்து எடுத்த பின், ஆய்வறிக்கை ‘தீங்கற்ற ஃபில்லோடஸ்’ என்று வந்து, ஸ்கேனில் மிச்சம் எதுவும் இல்லையென்றால், உடனே மறு அறுவை செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. குறித்த இடைவெளியில் பரிசோதித்து வந்தால் போதும். தீங்கற்றது என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே இது பொருந்தும். இடைநிலை என்றோ புற்று என்றோ இருந்தால் பொருந்தாது.

அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு ஒரு தேதி, பயாப்சிக்கு ஒரு தேதி, முடிவுக்கு இன்னொரு தேதி என்று அலைய வைப்பதை எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறோம்! ‘நான்கு மாதத்தில் வேகமாக வளர்ந்தது’ என்று ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், அவர்கள் கணக்கில் உங்கள் தங்கைக்கும் அவசரமில்லாத நார்க்கட்டிதான்.