மருந்துக் கடைக்காரர் மறுத்தது சரியா?

கேள்வி: போன வருடத்துச் சீட்டைக் காட்டி, என் மகனின் சளிக்காகச் செஃபிக்ஸிம் மாத்திரை கேட்டேன். புதுச் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று தெருமுனை மருந்துக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இது முறைதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முறைதான் அம்மா. செஃபிக்ஸிம், பாக்டீரியாவை அழிக்கும் ஓர் ஆன்டிபயாடிக். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கென 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ அட்டவணையைச் சேர்ந்தது. அதை விற்பவர், எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்பதோடு, உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கும் வகைகள் மட்டும் பிழைத்துப் பெருகவும் அது வழிசெய்துவிடும். வந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்த அந்த மருந்தாளுநரை மனதாரப் பாராட்டுகிறேன். காய்ச்சல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மருந்து எழுதினால், எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை இதே கடைக்காரரிடம் கேட்டு அட்டையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.