வெப்பநிலைக்கு 40,000 ரூபாவா?

கேள்வி: மகள் கம்பஸில் பௌதிகவியல் கடைசி வருடம். எக்ஸ்-கதிர் லேசரால் சூடாக்கிய அலுமினியப் பிளாஸ்மாவின் வெப்பநிலை பற்றி ஆய்வறிக்கை எழுதுகிறாள். கட்டுரைக்குக் கட்டுரை எண் மாறுகிறது என்று குழம்பிப்போனாள். புரொஜெக்ட் செய்துகொடுக்கும் ஒருவர் 40,000 ரூபாவுக்குச் 'சரியான வெப்பநிலை' எடுத்துத் தருகிறாராம். 5,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தைக் கொடுக்கலாமா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம் ஐயா. அவர் விற்கிற சாமான் உலகத்தில் யாரிடமும் இல்லை.

கொல்லன் பட்டறையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். இங்கே அது சரிவராது. இந்தப் பிளாஸ்மா (அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுபோன சூடான பொருள்) திண்ம அலுமினியத்தின் அடர்த்தியிலேயே இருக்கிறது. உள்ளே இருந்து சாதாரண ஒளி வெளியே வராது, எக்ஸ்-கதிர் வரும். கலிபோர்னியாவில் உள்ள எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்-கதிர் லேசரில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் பிடித்தார்கள். லேசர் அணுவின் உள்ளோட்டு இலத்திரனைத் தட்டிவிடும். அந்த இடத்தில் இன்னொன்று விழும்போது எக்ஸ்-கதிர் வரும். வெளி இலத்திரன்கள் கழன்றுபோகப் போக அந்தக் கதிரின் சக்தி கூடும். எந்தச் சக்தியில் எவ்வளவு வந்தது என்பதைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டு, சுமார் 20 லட்சம் கெல்வின் வரை என்றார்கள். அளந்தது கதிரை, வெப்பநிலை கணக்கில் வந்தது. மாதிரியை மாற்றினால் எண்ணும் அசையும். மகள் குழம்பியதில் பிழையே இல்லை.

அப்புறம், அது இலத்திரன்களின் வெப்பநிலை. லேசர் துடிப்பு ஒரு செக்கனின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதற்குள் அயன்கள் (இலத்திரன் இழந்த அணுக்கள்) சூடேற நேரமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் காட்டித்தான் ஏமாற்றுவார்கள். 2025இல் வெளியான தங்க ஆய்வில் அணுக்களின் வெப்பநிலையை நேரடியாகவே எடுத்தார்கள். அணுக்கள் வேகமாக அசைந்தால் அவற்றில் பட்டுச் சிதறும் எக்ஸ்-கதிரின் சக்தி கூடியும் குறைந்தும் பரவும். அந்தப் பரவலின் அகலமே வேகத்தைச் சொல்லிவிடும். கிடைத்தது சுமார் 19,000 கெல்வின், தங்கம் உருகும் வெப்பநிலையின் 14 மடங்கு. ஆனால் கவனியுங்கள்: அது 50 நனோமீற்றர் தங்கப் படலம். சூடாக்கியது சாதாரண ஒளி லேசர், எக்ஸ்-கதிர் அளக்க மட்டும். மகளின் அலுமினியத்துக்கு அதைத் தூக்கி ஒட்ட முடியாது.

இப்படி ஒரு கடையில் செய்த வரைபடம் என்னிடமும் வந்தது. அலுமினியத்தின் கதிர் 1,487 இலத்திரன்வோல்ற்றுக்குப் (கதிரின் சக்தியைச் சொல்லும் அலகு) பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் சிகரம் 8,048இல் நின்றது. அது செம்பு! யாரோ ஒருவரின் படத்தில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். நம் புள்ளித்திட்டமும் இதற்கு உடந்தை. 'இந்த எல்லைக்குள் இருக்கலாம்' என்று நேர்மையாக எழுதும் பிள்ளைக்குப் புள்ளி வெட்டு, இரண்டு தசமதானத்தில் அளந்துவிடுபவனுக்கு 'ஏ'.

மகள் எந்த எண்ணை எழுதினாலும், இலத்திரனுக்கா அயனுக்கா, எந்த மாதிரியில் வந்தது, எவ்வளவு கூடிக்குறையலாம் என்பதைப் பக்கத்திலேயே எழுதட்டும்.

முற்பணத்துக்கு ரசீது தந்தாரா? அதை நீங்கள் எழுதவில்லையே.