சர்வர் கேள்வி பதில்: அழித்த ஃபைல் எங்கே போனது?

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு அலாரம் வந்தது. லினக்ஸ் சர்வரில் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் முக்கியப் பகுதி) 100% நிரம்பிவிட்டது என்று, டிஸ்க் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டியது. 40 ஜிபிக்கு வளர்ந்திருந்த ஒரு லாக் ஃபைலை (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஃபைல்) ஆர்எம் போட்டு அழித்தேன். அதற்கப்புறமும் 100% தான். ஃபைல்களின் அளவைச் சொல்லும் டியூ கட்டளை போட்டுக் கூட்டினால் பாதி கணக்குகூட வரவில்லை. வேறு வழியில்லாமல் ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது. அந்த 40 ஜிபி எங்கே இருந்தது?

பதில்: இருந்த இடத்திலேயேதான் இருந்தது. நீங்கள் அழித்தது பெயரை மட்டும்.

லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. டைரக்டரியில் இருப்பது ஒரு பெயரும், அது சுட்டுகிற ஐநோட் (ஃபைலின் விவரங்கள் இருக்கும் பதிவு) எண்ணும்தான். ஆர்எம் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறது. ஆனால் ஏதோ ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் இடத்தை விடுவிக்காது. டியூ டைரக்டரி டைரக்டரியாக நுழைந்து பெயர்களைப் பார்த்துக் கூட்டுகிறது. பெயர் போனது அதன் கணக்கில் வராது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தையே கேட்கிறது, அது உள்ளதைச் சொல்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பின்னால் கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், 1 மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் இழந்தும் திறந்திருக்கிற ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வரும். ப்ராசஸ் எண், ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் (திறந்த ஃபைலுக்கு அந்த ப்ராசஸில் உள்ள எண்), அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். ப்ராசஸ் எண் 1234, டிஸ்கிரிப்டர் 7 என்று வைத்துக்கொள்வோம். /ப்ராக்/1234/எஃப்டி/7 என்கிற பாதைக்குள் ஒன்றுமில்லாததைத் திருப்பிவிட்டால் (முக்காற்புள்ளி, பெரிது என்னும் குறி, அப்புறம் பாதை) இடம் அந்த நொடியே திரும்பக் கிடைக்கும். ரீபூட் வேண்டாம், சர்வீஸை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அது லாக் ஃபைல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். டேட்டாபேஸின் ஃபைலாக இருந்தால் கை வைக்கவே கூடாது.

இதை நான் கற்றுக்கொண்ட ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. உங்களைப் போலவே அழித்தேன், இடம் வரவில்லை, ரீபூட் போட்டேன். டேட்டாபேஸ் எழுந்து, தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைத்த பதிவு) படித்துச் சரிபார்த்து, இணைப்புகளை ஏற்க 50 நிமிடம் ஆனது. அதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த லாக் ஏன் அப்படி வீங்கியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த லாக்தான், அதை என் கையாலேயே அழித்திருந்தேன். நான்கு நாள் கழித்து அதே நேரத்துக்கு அதே அலாரம் மறுபடியும் அடித்தது. அன்றைக்கு முதல் வேலையாகக் கடைசி 1,000 வரிகளை வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்தேன். ஒரே பிழைச் செய்தி நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. காரணம் அங்கேயே கிடைத்தது. அதனால் எதை அழிப்பதற்கு முன்னாலும் அதன் வாலை, அதாவது கடைசி வரிகளை, எடுத்து வையுங்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி, லாக் ஃபைல்களை அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட்டின் அமைப்பைப் பாருங்கள். ஃபைலைப் பெயர் மாற்றிய பிறகு ப்ராசஸுக்குச் சிக்னல் அனுப்பி, புது ஃபைலைத் திறக்கச் சொல்வதுதான் நல்ல முறை. அதற்கு வசதியில்லாத மென்பொருளுக்கு காப்பிட்ரங்கேட் (ஃபைலை நகலெடுத்துவிட்டு அதையே காலியாக்கும் முறை) இருக்கிறது. நகலெடுத்து முடிப்பதற்கும் காலியாக்குவதற்கும் நடுவில் எழுதப்படும் சில வரிகள் போய்விடலாம் என்பது அதன் குறை.

டிஎஃப்பும் டியூவும் ஒத்துப்போகாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று (முழு உரிமையுள்ள நிர்வாகி) ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்கில் அதுவே 50 ஜிபி. மற்றொன்று, ஒரு டைரக்டரியில் ஃபைல்கள் இருக்கும்போதே அதன்மேல் வேறு டிஸ்கை மவுண்ட் செய்துவிட்டால் (இணைத்துவிட்டால்) அடியில் இருப்பவை டியூவின் கண்ணுக்குப் படாது. இடம் மிச்சம் இருந்தும் 'இடமில்லை' என்று பிழை வந்தால் டிஎஃப் -ஐ போட்டு ஐநோட் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்த சர்வரில் இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் என் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, ஃபைலில் புதிய தேதிதான் இருக்கிறது. ஆனால் பிரவுசர் 'காலாவதி' என்கிறது. ஏன்?

பதில்: என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தொடங்கும்போதும் ரீலோட் ஆகும்போதும்தான் படிக்கிறது. டிஸ்கில் புதியது, நினைவகத்தில் பழையது. ஃபைலைப் பார்த்துத் திருப்தியடையாமல், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளை கொண்டு வெளியிலிருந்து இணைத்து, சர்வர் கையில் கொடுக்கிற சான்றிதழின் தேதியைப் பாருங்கள். முதலில் என்ஜின்எக்ஸ் -டி போட்டு அமைப்பைச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். நடப்பில் இருக்கும் கோரிக்கைகளைப் பழைய ப்ராசஸ்கள் முடித்துவிட்டுத்தான் விலகும், யாருக்கும் பாதியில் அறுபடாது. சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட் வைத்திருந்தால், புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் இந்த ரீலோடைச் சேர்த்துவிடுங்கள்.

இதை இப்போதே ஒழுங்குபடுத்துவது நல்லது. சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அந்தக் கணக்கில் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் மட்டும் ஓடவில்லை.

பதில்: கிரான் உங்கள் லாகின் சூழலைக் கொண்டுவராது, அதன் பாத் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) மிகச் சிறியது. கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். வரியில் சதவீதக் குறி இருந்தால் கிரான் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும், முன்னால் பின்சாய்வுக் கோடு வேண்டும். டேட் கட்டளை வைத்து ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: தினமும் பேக்கப் ஓடுகிறது, தோல்வியடைந்தால் மின்னஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வேண்டாம். கோட் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்த டைரக்டரியை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய், 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. டேட்டாபேஸ் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2, அதனால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை, அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனை திருப்பி அனுப்பியிருந்தது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல்தான் காப்பாற்றியது.

ஆகவே தோல்விச் செய்திக்குக் காத்திருக்காதீர்கள், வெற்றிச் செய்தி தினமும் வரட்டும். ஒருநாள் வராவிட்டால் அலாரம் அடிக்கட்டும். அதில் பேக்கப்பின் அளவும் இருக்கட்டும், நேற்று 80 ஜிபி இன்று 20 கேபி என்றால் கண்ணில் படும். அப்புறம் இந்த வாரமே ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்து, முக்கியமான இரண்டு மூன்று டேபிள்களைத் திறந்து, கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். நிஜமாகவே சர்வர் விழும் நாளில் எல்லோரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.